தொழில் தொடங்கும் முன் உங்களுக்கும் ஒரு மண் பரிசோதனை!

விளைந்ததை மூட்டையாகக் கட்டி மண்டியில் இறக்கிவிட்டு, அவர்கள் சொன்ன விலையை வாங்கி வருவதில் பலருக்கும் சலிப்பு வந்துவிட்டது. நிலக்கடலையை எண்ணெயாக்கி, மஞ்சளைப் பொடியாக்கி, சிறுதானியத்தை மாவாக்கிச் சொந்தப் பெயரில் விற்கலாமே என்ற எண்ணம் கிராமங்களில் பரவலாக இருக்கிறது. காளான் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, நாற்றுப் பண்ணை, மண்புழு உரம் என்று எந்தப் பயிற்சியை அறிவித்தாலும் ஆட்கள் வருகிறார்கள்.

பயிற்சி முடிந்ததும் அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று. எந்த இயந்திரம் வாங்கலாம்? மானியம் எவ்வளவு? வங்கிக் கடன் எப்படிக் கிடைக்கும்? ‘இந்தத் தொழிலுக்கு நான் பொருத்தமான ஆளா?’ என்ற நான்காவது கேள்வி மட்டும் அரிதாகவே வருகிறது. மற்ற மூன்றையும்விட இதுதான் முக்கியம். ஏனென்றால் கடனுக்கு ஈடாகப் போவது நிலப் பத்திரம். கைமுதலாகப் போவது வீட்டில் இருக்கும் நகை. ஆள் பொருந்தாத தொழிலில் இயந்திரம் ஷெட்டில் தூசி படிந்து நிற்கும். மாதத் தவணை மட்டும் நிற்காது.

தொழில்முனைவோருக்கான குணங்கள் என்று ஒரு பட்டியல் எல்லாப் பயிற்சிக் கையேடுகளிலும் இருக்கும். தன்னம்பிக்கை, விடாமுயற்சி, துணிச்சல், தலைமைப் பண்பு என்று அது நீளும். ‘உங்களுக்குத் தன்னம்பிக்கை உண்டா?’ என்று கேட்டால், ‘இல்லை’ என்று யாரும் எழுத மாட்டார்கள். பயனுள்ள மதிப்பீடு வேண்டுமானால் வேறு வழியில் போக வேண்டும். அந்த வழி விவசாயிகளுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

மாதிரி எடுக்கும் முறை

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது என்ன செய்கிறோம்? வரப்போரம், எருக்குவியல் இருந்த இடம், மரநிழல், நீர் தேங்கும் இடம் ஆகியவற்றை விட்டுவிடுகிறோம். வயலின் பல இடங்களில் குழி வெட்டி, எல்லா மண்ணையும் கலந்து, கால் பங்கு முறையில் குறைத்துக் கடைசியில் அரை கிலோ எடுக்கிறோம். எரு கொட்டிய இடத்தில் மட்டும் மண் எடுத்தால், வயல் முழுவதும் வளமாக இருப்பதாகத்தான் முடிவு வரும். அந்த முடிவை நம்பி உரமிட்டால் நட்டம் நமக்குத்தான்.

தன்னைத்தானே மதிப்பிடும்போதும் இதே தவறு நடக்கிறது. நல்ல விலை கிடைத்த ஓர் ஆண்டை மட்டும் நினைவில் வைத்து, ‘எனக்கு வியாபாரம் வரும்’ என்று முடிவு செய்துவிடுகிறோம். அதனால் ஒரு நோட்டை எடுங்கள். கடந்த 5 ஆண்டுகளில் நடந்தவற்றை, நல்லது கெட்டது இரண்டையும் கலந்து எழுதுங்கள். குணங்களின் பெயரை எழுத வேண்டாம். நடந்த சம்பவங்களை எழுதுங்கள். ‘நான் பொறுமைசாலி’ என்பது மாதிரி ஆகாது. ‘மோட்டார் எரிந்தபோது என்ன செய்தேன்?’ என்பதுதான் மாதிரி.

கீழே உள்ள 7 கேள்விகளுக்கும் அப்படியே பதில் எழுதுங்கள்.

1. கணக்கு எழுதும் பழக்கம் உண்டா?

போன பருவத்தில் ஓர் ஏக்கருக்கு என்ன செலவானது? உழவு, விதை, உரம், மருந்து, களை, அறுவடை என்று பிரித்துச் சொல்ல முடியுமா? உங்கள் வீட்டாரின் உழைப்புக்குக் கூலி சேர்த்தீர்களா? விவசாயத்தில் கணக்கு எழுதாமல் பல ஆண்டுகள் ஓட்டிவிடலாம். தொழிலில் அது முடியாது.

சிப்பிக்காளானை எடுத்துக்கொள்வோம். ஒரு கணக்குக்காக, நாளொன்றுக்கு 10 கிலோ உற்பத்தி, கிலோவுக்கு 120 ரூபாய் செலவு, 200 ரூபாய் விற்பனை விலை என்று வைப்போம். அத்தனையும் விற்றால் நாளுக்கு 800 ரூபாய் மிச்சம். அதில் 2 கிலோ மட்டும் விற்காமல் போனால் வரவு 1,600 ரூபாய், செலவு 1,200 ரூபாய், மிச்சம் 400 ரூபாய். விற்காமல் போனது ஐந்தில் ஒரு பங்குதான். போனதோ பாதி லாபம். கடைக்காரர் 15 நாள் கடன் கேட்டால், 30,000 ரூபாய் எப்போதும் வெளியில் நிற்கும். அந்த 15 நாளும் தினம் 1,200 ரூபாய் வீதம் 18,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். இந்தக் கணக்கைப் போடப் பட்டப்படிப்பு தேவையில்லை. தினமும் எழுதும் பழக்கம் போதும்.

2. முகம் தெரியாதவரிடம் விற்றிருக்கிறீர்களா?

மண்டியில் இறக்குவது விற்பனை ஆகாது. அங்கே விலையைச் சொல்பவர் வேறொருவர். உழவர் சந்தையிலோ, வாரச் சந்தையிலோ, சாலையோரத்திலோ நின்று, ‘இது என் பொருள், இது விலை’ என்று சொல்லி விற்ற அனுபவம் உண்டா? ‘பக்கத்துக் கடையில் 20 ரூபாய் குறைவு’ என்று வாடிக்கையாளர் சொன்னபோது கோபப்பட்டீர்களா, உடனே விலையைக் குறைத்தீர்களா, அல்லது வித்தியாசத்தை விளக்கினீர்களா?

திருத்தங்கலைச் சேர்ந்த ஆர்.ஜி.சந்திரமோகன் 1970-ல் சென்னை ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலீட்டில் குச்சி ஐஸ் தயாரிக்கத் தொடங்கினார். பின்னாளில் ஹட்சன் நிறுவனமாக வளர்ந்தது அதுதான். பெரிய நிறுவனங்கள் அதிகம் எட்டிப் பார்க்காத சிறு ஊர்களைத் தேடிப் போனது அந்த வளர்ச்சிக்கு ஒரு முக்கியக் காரணம். பொருளைத் தயாரிப்பதைப் போலவே வாங்குபவரைத் தேடிப் போவதும் ஒரு வேலைதான். அது உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறதா என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

3. எவ்வளவு தூரத்தில் நின்று வளையம் வீசுவீர்கள்?

அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட், சாதிக்கும் உந்துதல் பற்றி ஆராய்ந்தவர். அந்த ஆய்வுகளில் ஒரு விளையாட்டு உண்டு. நம் ஊர்த் திருவிழாவில் வளையம் வீசுவார்களே, அதைப் போன்றதுதான். ஒரு குச்சியை நட்டு, வளையங்களைக் கையில் கொடுத்து, எவ்வளவு தூரத்தில் நின்று வேண்டுமானாலும் வீசலாம் என்று விட்டுவிடுவார்கள். சிலர் குச்சிக்கு அருகிலேயே நின்று போடுவார்கள். சிலர் வெகுதூரம் போய், விழுந்தால் அதிர்ஷ்டம் என்று வீசுவார்கள். சாதிக்கும் உந்துதல் மிகுந்தவர்கள் பெரும்பாலும் நடுத்தரமான தூரத்தையே தேர்ந்தெடுத்தார்கள். கொஞ்சம் கடினம், ஆனால் முயன்றால் முடியும் என்ற தூரம் அது.

2023 ஜூலை, ஆகஸ்டில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையைப் பார்த்து நட்டவருக்கு அறுவடை வர 2 மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் விலை வேகமாக இறங்கிவிட்டது. விலை ஏறியதைப் பார்த்ததும் இருக்கும் நிலம் முழுவதும் ஒரே பயிரை நடுவது வெகுதூரத்தில் நின்று வீசுவது. யார் என்ன சொன்னாலும் 20 ஆண்டுகளாக ஒரே பயிர், ஒரே ரகம், ஒரே வியாபாரி என்று இருப்பது குச்சிக்கு அருகில் நிற்பது. புதிய ரகத்தை முதலில் 20 சென்டில் போட்டுப் பார்த்து, அடுத்த பருவத்தில் ஓர் ஏக்கருக்குக் கொண்டுபோனவர் நடுத்தூரத்தில் நிற்பவர். உங்கள் 5 ஆண்டுகளில் எது அதிகம்?

4. சொன்ன நாளில் கொடுத்திருக்கிறீர்களா?

வெள்ளிக்கிழமை 10 பாக்கெட் வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் வெள்ளிக்கிழமை அது அங்கே இருக்க வேண்டும். மழை, கரன்ட் இல்லை, ஆள் வரவில்லை, வீட்டில் விசேஷம் என்ற எந்தக் காரணமும் அவருக்குத் தேவையில்லை. இரண்டு முறை தவறினால் அந்த அலமாரியில் வேறொருவர் பொருள் இருக்கும். நீங்கள் வாங்கிய கைமாற்று, கூட்டுறவுச் சங்கக் கடன், மகளிர் குழுத் தவணை ஆகியவற்றைச் சொன்ன நாளில் கட்டினீர்களா என்று பாருங்கள். வங்கியும் முதலில் அதைத்தான் பார்க்கும்.

5. தினமும் ஒரே வேலையைச் செய்ய முடியுமா?

பயிர்த் தொழிலில் இடைவெளி உண்டு. நெல் நட்டபின் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு நாள் போய் வரலாம். சிப்பிக்காளானில் அது நடக்காது. வித்துப் பரவ 15 முதல் 20 நாள். மொத்தம் 35 முதல் 45 நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். குடிலில் ஈரப்பதம் 80 முதல் 85 சதவீதம் வரை இருக்க வேண்டும். வெயில் காலத்தில் ஒரு நாளில் பல முறை தண்ணீர் தெளிக்க வேண்டும். பறித்ததை அன்றே விற்பது நல்லது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் சில நாள்தான் தாங்கும். பால் மாடு, காய்கறி நாற்றுப் பண்ணை எல்லாம் இதே வகை. முதல் மாதம் உற்சாகமாக இருக்கும். ஆறாவது மாதமும் காலை 5 மணிக்கு எழுந்து அதே வேலையைச் செய்வீர்களா என்பதுதான் கேள்வி. கடந்த 5 ஆண்டுகளில் ஒரு வேலையை ஓராண்டு தொடர்ந்து, ஒரு நாளும் விடாமல் செய்ததுண்டா?

6. நட்டம் வந்தபோது என்ன செய்தீர்கள்?

நட்டம் வராத விவசாயி இல்லை. நட்டத்துக்குப் பிறகு செய்ததுதான் கணக்கு. விதையைக் குறை சொல்லிவிட்டு அடுத்த ஆண்டும் அதையே செய்தீர்களா? அல்லது வேளாண் அலுவலரிடமோ, நன்றாக விளைந்த பக்கத்துத் தோட்டக்காரரிடமோ போய், ‘எங்கே தப்பு நடந்தது?’ என்று கேட்டீர்களா? கேட்ட பிறகு ஒரு விஷயத்தையாவது மாற்றினீர்களா? மாற்றியதை எழுதுங்கள். எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றால், அதையும் எழுதுங்கள்.

7. உங்களிடம் ஆட்கள் நிற்கிறார்களா?

ஒரு முறை வேலைக்கு வந்தவர் மறுமுறை கூப்பிட்டால் வருகிறாரா? கூலியை அன்றே கொடுக்கிறீர்களா? தவறு நடந்தால் நாலு பேர் முன்னால் சத்தம் போடுவீர்களா, தனியே சொல்வீர்களா? வீட்டில் மனைவி, கணவர், பெற்றோர் இந்தத் திட்டத்தை அறிவார்களா? சிறு தொழிலில் முதல் பணியாளர்கள் வீட்டு ஆட்கள்தான். அவர்களிடம் சொல்லாமல் நகையை அடகு வைத்துத் தொடங்கும் தொழிலுக்கு முதல் நாளே பாதி பலம் குறைந்துவிடும்.

மதிப்பெண் போடுவது எப்படி?

ஒவ்வொரு கேள்விக்கும் 0, 1, 2 என்று மூன்றே மதிப்பெண். எழுத்திலோ சாட்சியோடோ ஆதாரம் இருந்தால் 2. எப்போதாவது செய்தது உண்டு என்றால் 1. சம்பவமே நினைவில் இல்லை என்றால் 0. பிறகு, உங்கள் பதிலைக் காட்டாமல், இன்னும் மூன்று பேரிடம் இதே கேள்விகளைக் கேளுங்கள். ஒருவர் வீட்டு ஆள். ஒருவர் உங்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர். ஒருவர் உங்களிடம் வேலை செய்தவர். நீங்கள் 2 போட்ட இடத்தில் அவர்கள் 0 போட்டால் கோபப்பட வேண்டாம். பரிசோதனைக்கூடத்திலிருந்து வரும் அட்டையைப் போல அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். இந்த மதிப்பெண்களைக் கூட்ட வேண்டாம். 14-க்கு 11 வந்தது, தேறிவிட்டேன் என்று கணக்குப் போட முடியாது. உழவியலில் ‘குறைந்தபட்ச விதி’ என்று ஒன்று உண்டு. 19-ம் நூற்றாண்டில் ஜெர்மனி வேதியியலாளர் லீபிக் பரவலாக அறியச் செய்தது. பயிரின் விளைச்சலைத் தீர்மானிப்பது அதிகமாக இருக்கும் சத்து அல்ல, தேவைக்கு மிகக் குறைவாக இருக்கும் சத்து என்பதே அந்த விதி. துத்தநாகக் குறைபாடு உள்ள நெல் வயலில் எத்தனை மூட்டை யூரியா போட்டாலும் பயிர் தேறாது. ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் போட்டால் தேறிவிடும்.

குணங்களும் அப்படித்தான். துணிச்சலுக்கு 2, உழைப்புக்கு 2, பேச்சுத் திறமைக்கு 2, கணக்குக்கு 0 என்றால், அந்தத் தொழில் கணக்கில்தான் கவிழும். துணிச்சல் அதிகமாக இருந்தால் இன்னும் வேகமாகக் கவிழும். அதனால் அட்டையில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. உங்கள் பூஜ்ஜியம் எது?

பூஜ்ஜியத்துக்கு மூன்று மருந்து

முதலாவது, கற்றுக்கொள்வது. தொழில் குணம் பிறவியிலேயே வர வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். மேலே சொன்ன மெக்லெலண்ட், 1960-களில் ஆந்திரத்தின் காக்கிநாடாவைச் சேர்ந்த சிறு தொழில், வியாபாரம் செய்வோருக்கு, ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தின் மூலம் சாதிக்கும் உந்துதலை வளர்க்கும் பயிற்சி அளித்தார். பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடப் புதிய தொழில்களிலும் முதலீட்டிலும் அதிகம் இறங்கியதைத் தொடர் ஆய்வில் பதிவு செய்தார். குணத்தையும் உரமிட்டு வளர்க்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே கிடைத்த சான்று அது. கணக்கு எழுதுவது, விலை பேசுவது, சொன்ன நாளில் கொடுப்பது ஆகியவை பழகினால் வரக்கூடியவை.

இரண்டாவது, துணை சேர்த்துக்கொள்வது. உங்களுக்குக் கணக்கு வராது. வீட்டில் மனைவி மகளிர் குழுக் கணக்கைப் பல ஆண்டுகளாகத் தப்பில்லாமல் எழுதி வருகிறார் என்றால், பணப்பெட்டிச் சாவி அவரிடம் இருக்கட்டும். பெயருக்கு எழுதச் சொல்லிவிட்டு, நடுவில் கேட்காமல் பணம் எடுத்தால் பயனில்லை. விற்பனை வராதவர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பங்குதாரராகச் சேர்ந்து, உற்பத்தியை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, தொழிலை மாற்றிக்கொள்வது. தினசரிக் கவனத்தில் பூஜ்ஜியம் வாங்கியவருக்குக் காளானும் பால் மாடும் ஆகாது. மஞ்சள் தூள், செக்கு எண்ணெய், சிறுதானிய அரிசி போன்று சில வாரங்களாவது தாங்கும் பொருட்கள் பொருந்தலாம். வாரத்தில் சில நாள் உற்பத்தி, சில நாள் விற்பனை என்று பிரித்துக்கொள்ள முடியும்.

கடன் வாங்கும் முன் 90 நாள்

புதிய ரகத்தை நேராகப் பத்து ஏக்கரில் விதைப்பதில்லை. சோதனைத் திடல் போட்டுப் பார்க்கிறோம். தொழிலுக்கும் 90 நாள் சோதனைத் திடல் போடுங்கள். விதி ஒன்றுதான்: கடன் இல்லை, இயந்திரம் வாங்குவது இல்லை.

செக்கு எண்ணெய் உங்கள் திட்டம் என்றால், முதலில் 50 கிலோ நிலக்கடலைப் பருப்பைப் பக்கத்து ஊர்ச் செக்கில் கூலிக்கு ஆட்டி வாருங்கள். பருப்பின் தரத்தைப் பொறுத்துச் சுமார் 20 லிட்டர் எண்ணெய் கிடைக்கும், மீதி பிண்ணாக்கு. உணவுப் பொருள் என்பதால், சிறு அளவில் விற்பதற்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். அதை இணையத்தில் நீங்களே விண்ணப்பித்துப் பாருங்கள். அலுவலக வேலையில் உங்களுக்குப் பொறுமை எவ்வளவு என்பது அதிலேயே தெரிந்துவிடும். பருப்பு விலை, ஆட்டுக்கூலி, பாட்டில், பெட்ரோல், உங்கள் கூலி என்று எல்லாவற்றையும் எழுதி விலை வையுங்கள். உறவினர்களுக்கு விற்றதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவர்கள் உங்களுக்காக வாங்குவார்கள். முகம் தெரியாதவர்களில் எத்தனை பேர் இரண்டாவது முறை கேட்டு வாங்கினார்கள் என்று எண்ணுங்கள். 90 நாள் முடிவில் அதே 7 கேள்விகளுக்கு மறுபடியும் பதில் எழுதுங்கள். இந்த முறை பழைய நினைவு தேவையில்லை. நோட்டிலேயே ஆதாரம் இருக்கும்.

அடுத்து எங்கே போவது?

பூஜ்ஜியம் நீங்கிய பிறகு, மானியத்தைப் பற்றிக் கேட்கலாம். உதாரணமாக, உணவுப் பதப்படுத்தும் குறு நிறுவனங்களை முறைப்படுத்தும் பிரதமரின் திட்டம் 2020-ல் தொடங்கப்பட்டது. அதன் வழிகாட்டுதல்படி திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம். தொழில்முனைவோர் பங்கு குறைந்தது 10 சதவீதம். மீதி வங்கிக் கடன். 10 லட்சம் ரூபாய்த் திட்டம் என்றால் மானியம் 3.5 லட்சம் ரூபாய். ஆனால் இந்தப் பணம் கைக்கு வராது. வங்கியில் தனிக் கணக்கில் இருக்கும். 3 ஆண்டுகள் தவணை தவறாமல் கட்டி, தொழிலும் நடந்துகொண்டிருந்தால்தான் கடனில் கழிக்கப்படும். அதாவது, நான்காவது கேள்வியில் 2 வாங்கியவருக்கே இது உண்மையான மானியம். விண்ணப்பிக்கும் முன், தற்போதைய நடைமுறையை மாவட்ட வேளாண் வணிகத் துறை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பயிற்சிக்கு உங்கள் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையம், கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவற்றை அணுகலாம். தொழில் நடத்தும் திறன்களுக்குத் தமிழக அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் சென்னையில் இருக்கிறது. வேளாண் பட்டதாரிகள், பட்டயப் படிப்பு முடித்தவர்களுக்கு மத்திய அரசின் வேளாண் மருத்துவமனை, வேளாண் வணிக மையத் திட்டத்தில் 45 நாள் பயிற்சி தரப்படுகிறது. எங்கே போனாலும் உங்கள் நோட்டைக் கையில் கொண்டுபோங்கள். ‘எனக்கு என்ன தொழில் சரிவரும்?’ என்று பொதுவாகக் கேட்பவருக்குப் பொதுவான பதில்தான் கிடைக்கும். ‘எனக்கு விற்பனை வரவில்லை, மற்ற ஆறும் வருகிறது’ என்று சொல்பவருக்குச் சரியான பயிற்சியைக் காட்ட முடியும்.

இத்தனைக்குப் பிறகும் ‘இப்போது வேண்டாம்’ என்ற முடிவு வந்தால், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கணக்கு எழுதும் பழக்கமும், செலவைப் பிரித்துப் பார்க்கும் கண்ணும் இருக்கிற வயலிலேயே பலன் தரும். அட்டையில் தேதியைக் குறித்து வையுங்கள். ஒரு பருவம் கழித்து, பூஜ்ஜியம் இருந்த இடத்தில் 1 வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால், 90 நாள் சோதனையை அப்போது தொடங்கலாம். அதுவரை நிலப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.